கணித ஆராய்ச்சிப் படிப்புக்குப் பொருளுதவி

(காஞ்சிபுரம் பகுதி வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் எழுதியது)

பஞ்சாயத்துக் கூட்டங்களிலே சாலை, குடிநீர், தெருவிளக்கு, ஏரிக் கால்வாய் ஆகியவற்றைக் குறித்து நாம் ஆலோசிக்கிறோம், தீர்மானங்களும் நிறைவேற்றுகிறோம். அதே ஊரில் கணித பாடத்தில் முதல் வகுப்பில் தேறிய பெண்ணோ பையனோ மேற்கொண்டு என்ன செய்வது என்று அறியாமல் நிற்பது எந்தக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிலும் இடம்பெறுவதில்லை. அஃது அவரவர் வீட்டு விஷயம் என்று விட்டுவிடுகிறோம். விசாரித்துப் பார்த்தால் அவ்வீட்டாருக்கும் வழி தெரிந்திருப்பதில்லை. “எம்.எஸ்ஸி. முடித்தாயிற்று. இனி ஆராய்ச்சி என்று ஐந்து வருஷம் படிக்க வைக்க நமக்கு ஏது பணம்?” என்று தகப்பனார் கேட்கிறார். அக்கேள்விக்குச் சரியான விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விடையை முதலிலேயே சொல்லிவிடலாம். பி.எஸ்ஸி., எம்.எஸ்ஸி. வரையில் படிப்பவர் பணம் கட்டுகிறார். அதற்கு மேற்பட்ட ஆராய்ச்சிப் படிப்பில், உரிய தேர்வில் தேறியவருக்கு அரசாங்கமே மாதந்தோறும் பணம் கொடுக்கிறது. நம் பெரியவர்கள் இதனை உபகாரச் சம்பளம் என்றார்கள்; இன்றைய விண்ணப்பத் தாள்களில் ஆராய்ச்சி உதவித்தொகை என்றும் ஃபெல்லோஷிப் என்றும் காணப்படும். மத்திய அரசின் விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்ஸிலான சி.எஸ்.ஐ.ஆர். அளிக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை, 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் மாதம் ரூ. 37,000 ஆகும். இரண்டு ஆண்டு கழித்து மதிப்பீட்டில் திருப்தி ஏற்பட்டால் முதுநிலை உதவித்தொகையாக மாதம் ரூ. 42,000 ஆக உயர்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கும் கூட்டிப் பார்த்தால் 24 லட்சம் ரூபாய். வீட்டு வாடகைப்படி இதில் சேரவில்லை. விடுதியில் இடம் பெறாதவர்க்கு அது தனி. திருப்பிச் செலுத்த வேண்டிய கடனும் அன்று.

கணிதத்துக்கும் புள்ளியியலுக்கும் மற்றோர் அனுகூலமும் உண்டு. ரசாயனத்துக்கும் உயிரியலுக்கும் பரிசோதனைச் சாலையும் விலையுயர்ந்த கருவிகளும் வேண்டும். கணிதத்துக்கோ காகிதமும் பென்சிலும் நல்ல நூலகமும் நல்ல ஆசிரியரும் போதும். புள்ளியியலுக்கு ஒரு கம்ப்யூட்டர் கூடுதலாகத் தேவைப்படும். எனவே, எளிய குடும்பத்துப் பிள்ளை போட்டியில் சமமாக நின்று பார்க்கத்தக்க துறைகளில் இவை முன்னிற்பவை.

ஆயினும் வீட்டாரின் தயக்கம் காரணமற்றது எனக் கூறிவிட மாட்டேன். கோர்வைச் சேலை நெய்யும் தறியில் ஒருவர் மட்டும் அமர்ந்து வேலை செய்ய இயலாது என்பதை நெசவாளர் அறிவர். உடலுக்கு ஒரு நாடா, இரு கரைகளுக்கும் இரண்டு நாடா என மூன்று நாடாக்கள் ஓடும். கரை நாடாவைப் பக்கத்திலிருந்து போட்டுத் தர ஒரு துணை ஆள் வேண்டும். வளர்ந்த மகளோ மகனோ அத்துணையாக இருக்கிற வீட்டில், அவர் படிப்புக்குச் சென்றால் கூலிக்கு ஆள் தேட வேண்டியதாகும். விவசாயக் குடும்பத்திலும் நாற்று நடவின்போதும் அறுவடையின்போதும் இதே கதைதான். ஆகவே படிப்புச் செலவு என்பது கட்டணம் மட்டுமன்று. கைவிட்டுப் போகும் கூலியும் அதில் அடங்கும். ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்துவிட்டால் இவ்விழப்பு பெரும்பாலும் ஈடுசெய்யப்படுகிறது. ஆபத்தான இடைவெளி எம்.எஸ்ஸி. முடிந்த நாளுக்கும் உதவித்தொகை கைக்கு வரும் நாளுக்கும் இடையிலுள்ள ஓராண்டு, ஈராண்டு காலமே. நம் பிள்ளைகளிற் பலர் ஆராய்ச்சியை விட்டு விலகுவது அந்த இடைவெளியில்தான்.

இராமானுஜனுக்குக் கிடைத்த எழுபத்தைந்து ரூபாய்

கணித மேதை சீனிவாச இராமானுஜனின் பெயரை அறியாதார் இலர். அவர் கதையைப் பொருளுதவி என்னும் ஒரே கண்கொண்டு பார்ப்பது நமக்குப் பயன் தரும். 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் ஈரோட்டிற் பிறந்த அவர், குழந்தைப் பருவத்தில் சில காலம் தாய்வழிப் பாட்டனாருடன் நம் காஞ்சிபுரத்தில் வாழ்ந்தார். பாட்டனாருக்கு இங்கு நீதிமன்ற உத்தியோகம் போய்விடவே, தாயாருடன் கும்பகோணம் திரும்பினார். தகப்பனார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக் கடையிற் கணக்கெழுதும் குமாஸ்தா. சேலைக் கடைக் கணக்குப் பிள்ளையின் மகனுக்கு ஆராய்ச்சி செய்யப் பணம் எங்கிருந்து வந்தது?

முதலில் வந்த பணம் போய்விட்டது. 1904இல் கும்பகோணம் அரசாங்கக் கல்லூரியில் அவருக்கு உபகாரச் சம்பளம் கிடைத்தது. கணிதம் தவிர மற்றப் பாடங்களைக் கவனியாமையால் அதனை இழந்தார். பின்னர்ச் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியிற் சேர்ந்தும் எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. பட்டமில்லை, சம்பளமில்லை, நோட்டுப் புத்தகங்கள் மட்டும் நிறைந்தன. வேலை தேடி அலைந்த அவருக்கு முதலில் கைகொடுத்தவர் யார் என்பதைப் பஞ்சாயத்துத் தலைவர்களும் அதிகாரிகளும் கவனிக்க வேண்டுகிறேன். 1910இல் அவர் சென்று கண்டது திருக்கோவலூரில் டிப்டி கலெக்டராக இருந்த வி. இராமசுவாமி ஐயரை. இந்தியக் கணிதக் கழகத்தை 1907இல் தொடங்கியவர் அவர். கணிதம் அறிந்த அந்த அதிகாரி, தாலுக்கா ஆபீஸில் ஒரு சிறு குமாஸ்தா வேலை கொடுத்து அனுப்பிவிட்டால் இப்பிள்ளையின் திறமை மங்கிவிடும் என்று கருதி, வேலை கொடாமல், மேலும் உதவக்கூடியோரிடம் கடிதம் கொடுத்து அனுப்பினார். அதன் வழியே நெல்லூர்க் கலெக்டர் ஆர். இராமச்சந்திர ராவின் அறிமுகம் ஏற்பட்டது. அவர் தம் சொந்தப் பணத்திலிருந்து சில மாதங்கள் இராமானுஜனின் ஜீவனத்துக்குக் கொடுத்து வந்தார்.

பிறர் கைப்பணத்தில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாயில் குமாஸ்தா ஆனார். அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவர் திறமையை உணர்ந்து ஊக்கினர். 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்கு அவர் எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. ஆனால் நம் கட்டுரைக்கு முக்கியமான கடிதம் வேறொன்று. வானிலை ஆராய்ச்சி இலாகாவின் தலைவரான கில்பர்ட் வாக்கர் துறைமுகத்துக்கு வந்தபோது இராமானுஜனின் கணக்குகள் அவரிடம் காட்டப்பட்டன. அவர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினார், பல்கலைக்கழகமும் ஆலோசித்தது. முதுகலைப் பட்டம் பெற்றவர்க்கே ஆராய்ச்சிச் சம்பளம் என்ற நியதி குறுக்கே நின்றது. அதனைக் கடந்து, எஃப்.ஏ. கூடத் தேறாத குமாஸ்தாவுக்கு 1913 மே மாதம் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கத் தீர்மானித்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்த ஆராய்ச்சியைக் குறித்து அறிக்கை தரவேண்டும் என்பதே நிபந்தனை.

முப்பது ரூபாய் குமாஸ்தாவுக்கு எழுபத்தைந்து ரூபாய் என்பது இரண்டரை மடங்கு வருமானம். வீட்டாருக்கு வேறு சமாதானம் தேவைப்படவில்லை. 1914 மார்ச்சில் அவர் கப்பலேறியபோதும் பல்கலைக்கழகமே ஆண்டுக்கு 250 பவுன் கொடுத்தது. அதில் மாதந்தோறும் 60 ரூபாய் கும்பகோணத்தில் இருந்த பெற்றோருக்குப் போய்ச் சேர ஏற்பாடாயிற்று. பின்னாளில், 1919ஆம் ஆண்டு ஜனவரியில், நோயுற்றிருந்த நிலையில் பல்கலைக்கழகத்துக்கு அவர் எழுதிய கடிதத்தில், தமக்கு அளிக்க முன்வந்த தொகை தம் தேவைக்கு மிகுதியென்றும், பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்துத் தம் அவசியச் செலவும் போக எஞ்சுவதை ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் பயன்படுத்த வேண்டுமென்றும் கேட்டுக்கொண்டார். 1920 ஏப்ரலில் காலமானார்.

இக்கதையில் ஒரு டிப்டி கலெக்டர், ஒரு கலெக்டர், ஒரு கணக்கர், ஒரு வானிலை அதிகாரி, கடைசியில் ஒரு பல்கலைக்கழகம் என வரிசையாகப் பலர் கைமாற்றித் தூக்கிவிட்டதைக் காண்கிறோம். அவர்களில் ஒருவர் சோம்பியிருந்தாலும் அந்தச் சங்கிலி அறுந்திருக்கும். இன்று அத்தகைய தற்செயலை நம்பி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தேர்வுகளும் விதிகளும் ஏற்பட்டுவிட்டன. ஆனால் அந்த விதிகளை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லுகிறவர் தேவைப்படுகிறார்.

காஞ்சிபுரத்துச் சேஷாத்திரி

இராமானுஜன் போன்ற பிறவி மேதைகளுக்குத்தான் இவையெல்லாம் என்று யாரேனும் கருதலாம். ஆகையால், ஒழுங்கான படிப்பு வழியே மேலே சென்ற இருவரைச் சொல்லுகிறேன். சி.எஸ். சேஷாத்திரி 1932 பிப்ரவரி 29ஆம் நாள் காஞ்சிபுரத்திற் பிறந்தவர். அவர் பெயரின் முதலெழுத்தே இவ்வூரின் பெயர். வீட்டிற் பதினொரு குழந்தைகளில் மூத்தவர். தகப்பனார் செங்கற்பட்டில் வக்கீல். எம்.எஸ். நரசிம்மன் அதே ஆண்டு ஜூனில் பிறந்தவர். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்த கிராமக் குடும்பம் அவருடையது. பிறந்த ஊர் தண்டரை. இருவரும் சென்னை இலயோலாக் கல்லூரியிற் கணிதம் பயின்றனர். அங்கே பிரெஞ்சு நாட்டுப் பாதிரியாரான ரஸீன் என்னும் ஆசிரியர் நல்ல மாணவர்களை இனங்கண்டு, எங்கே போய் மேலே படிக்கலாம் என்று வழி சொல்லி வந்தார்.

அவர் காட்டிய வழி பம்பாயில் இருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம். ஹோமி பாபா 1945இல் டாட்டா அறநிலையத்தின் உதவியோடு தொடங்கிய அந்நிலையம், ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொண்டது. 1953இல் இருவரும் அங்கே சேர்ந்தனர். 1965இல் இருவரும் சேர்ந்து நிறுவிய தேற்றம் இன்றும் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்திரி இலண்டன் இராயல் சொஸைட்டியின் உறுப்பினரானார். பத்மபூஷண் விருதும் பெற்றார்.

அவர் பின்னாளில் செய்த காரியம் நமக்கு இன்னும் நெருக்கமானது. 1989இல் சென்னையில் ஒரு கணிதப் பள்ளியை ஏற்படுத்தினார். அதற்கு ஆதரவு தந்தது ஸ்பிக் விஞ்ஞான நிறுவனம். விவசாயிகளுக்கு ஸ்பிக் யூரியா மூட்டையைத் தெரியும். அந்த உரக் கம்பெனியின் அறநிதிதான். அப்பள்ளியே சென்னைக் கணிதக் கழகம் என வளர்ந்து, 2006இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகி, இன்று சிறுசேரியில் இயங்குகிறது. சேஷாத்திரி 2020இலும் நரசிம்மன் 2021இலும் மறைந்தனர். காஞ்சிபுரத்திலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பக்கூடிய தூரத்தில், உலகத் தரமுள்ள கணிதப் பள்ளி ஒன்றை இவ்வூர்க்காரர் விட்டுச் சென்றிருக்கிறார் என்பது நம் கிராமங்களிற் பலருக்குத் தெரியாது.

தரமணியில் 1962 ஜனவரியில் அல்லாடி இராமகிருஷ்ணன் தொடங்கிய கணித அறிவியல் நிலையம் உள்ளது. இந்தியப் புள்ளியியல் நிலையத்தின் சென்னைக் கிளையும் தரமணியிலேயே இருக்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்து இராமானுஜன் உயர்கணித நிலையம். கிண்டிப் பக்கம் ஐ.ஐ.டி. இவ்வளவும் ஒரு ரயில் சீட்டுத் தூரத்தில் அமைந்திருப்பது நம் வட்டாரத்துக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்றே கொள்ளவேண்டும்.

புள்ளியியலைப் பற்றி விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. சாகுபடிக் காலத்தின் முடிவில் அதிகாரிகள் வயலில் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் சதுரம் அளந்து, அதில் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து நிறுத்துப் பார்ப்பதைக் கண்டிருப்பீர்கள். எந்த வயல், வயலில் எந்த மூலை என்பதை அதிகாரியின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கல் போன்ற முறையில் தீர்மானிப்பதே அதன் உயிர்நாடி. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிலையத்தை நிறுவிய மஹலனோபிஸும், விவசாய ஆராய்ச்சிக் கவுன்ஸிலில் பணியாற்றிய சுகாத்மேயும், பான்ஸேயும் இம்முறையை நம் நாட்டில் வகுத்தார்கள். உங்கள் கிராமத்துக்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகை வருமா வராதா என்பதை அந்தச் சதுரம் தீர்மானிக்கிறது. ஆகவே புள்ளியியல் படித்த பிள்ளை ஊருக்கு அந்நியமான வித்தை கற்றதாக எண்ண வேண்டா.

இன்றுள்ள வாயில்கள்

முதலும் பெரியதுமான வாயில் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு. கணித அறிவியல் என்ற பாடத்தில் கணிதம், புள்ளியியல் இரண்டும் அடங்கும். வழக்கமாக ஆண்டுக்கு இருமுறை நடைபெறும். எம்.எஸ்ஸி. இறுதியாண்டிலேயே எழுதலாம் என்பதைப் பலர் அறியாமல், பட்டம் வாங்கிய பின்பு விண்ணப்பித்து ஓராண்டை வீணாக்குகின்றனர். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ்வழியிற் பயின்றவர் கணிதச் சொற்களின் ஆங்கில வடிவத்தை எம்.எஸ்ஸி. முதலாண்டிலேயே பழகிக்கொள்ள வேண்டும். உதவித்தொகைக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கும் அவ்வரம்பில் தளர்வு அளிக்கப்படுகிறது.

கணிதத்துக்கென்றே தனி வாயில் ஒன்றும் உள்ளது. அணுசக்தித் துறையின் கீழ் 1983இல் அமைக்கப்பட்ட தேசிய உயர்கணித வாரியம், எம்.எஸ்ஸி. மாணவர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும் தனித்தனியே உதவித்தொகை வழங்குகிறது. இதனைக் குறித்து நம் பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்தால், கேள்விப்பட்டவர்கள் கொஞ்சமே. எம்.எஸ்ஸி. படிக்கும்போதே பணம் கிடைக்கும் வழி என்பதால் இதனை அழுத்திச் சொல்லுகிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. சேர ஜாம் என்ற தேர்வும், ஆராய்ச்சிக்குக் கேட் என்ற தேர்வும் உள. கேட் தேர்வில் கணிதத்துக்கு ஒரு தாளும், 2019 முதல் புள்ளியியலுக்குத் தனித் தாளும் இருக்கின்றன. இந்தியப் புள்ளியியல் நிலையமும் மேற்சொன்ன சென்னை நிலையங்களும் தத்தம் நுழைவுத் தேர்வும் நேர்முகமும் நடத்தித் தாமே உதவித்தொகை தருகின்றன.

நெட் தேர்வை எழுதிச் சி.எஸ்.ஐ.ஆர். தொகைக்கு எட்டாதவர்களும் மனந்தளர வேண்டியதில்லை. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கெனத் தேசிய ஆராய்ச்சி உதவித்தொகைகள் தனித்தனியே உள்ளன. குடும்பத்தில் ஒரே பெண்ணாகப் பிறந்தவருக்கு, சாவித்திரிபாய் ஜோதிராவ் பூலே பெயரால் பல்கலைக்கழக மானியக் குழுவின் உதவி உண்டு. நம் மாநில அரசு, முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகைக்குத் தகுதித் தேர்வு நடத்தியுள்ளது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் நலத்துறை வழியே முழுநேர ஆராய்ச்சி மாணவர்க்கு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவிக்கப்பட்டுள்ளது. சிறு, குறு விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் 2011இல் தொடங்கப்பட்ட உழவர் பாதுகாப்புத் திட்டத்தின் உறுப்பினராயிருந்தால், பிள்ளைகளின் முதுகலைப் படிப்புக்குச் சிறிது தொகை கிடைக்கும். பேருந்துக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் ஆகும், அவ்வளவே எதிர்பார்க்கலாம். கைத்தறி நெசவாளர் நல வாரியத்தில் பதிந்த குடும்பங்களும் கல்வி உதவியைக் கேட்டுப் பார்க்கவேண்டும்.

வெளிநாடு செல்ல விரும்புவோர் இரண்டு செய்திகளை அறிந்தால் போதும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில், கணித, புள்ளியியல் ஆராய்ச்சி மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இளநிலை வகுப்புகளுக்குப் பாடம் சொல்லித்தரும் வேலைக்காக மாதச் சம்பளமும் கொடுப்பது வழக்கம். இரண்டாவது, மத்திய சமூகநீதி அமைச்சகத்தின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை. இது தாழ்த்தப்பட்டோருக்கே உரியது எனப் பலர் எண்ணுகின்றனர். நிலமற்ற விவசாயத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் மரபுவழிக் கைவினைஞரின் பிள்ளைகளுக்கும் அதில் இடமுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் எட்டு லட்சத்துக்கு மேற்படலாகாது. இவ்விரு பிரிவினருக்கும் சேர்த்து ஒதுக்கப்படுவன மிகச் சில இடங்களே. ஆனாலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருவர் விண்ணப்பிக்கவேனும் செய்தார் என்று நான் கேட்க ஆசைப்படுகிறேன். வேலை செய்துகொண்டே படித்தவருக்குப் புகழ்பெற்ற முன்னுதாரணம் சி.ஆர். ராவ். 1946இல் கேம்பிரிட்ஜ் அரும்பொருட் சாலையில் பண்டைய எலும்புகளின் அளவுகளைப் புள்ளியியல் முறையில் ஆராயும் பணிக்குச் சென்ற அவர், அப்பணியோடு 1948இல் டாக்டர் பட்டமும் பெற்றார். தம் 102ஆம் வயதில், 2023இல், சர்வதேசப் புள்ளியியல் பரிசைப் பெற்று அவ்வாண்டிலேயே மறைந்தார்.

எச்சரிக்கையாக ஒன்று. உதவித்தொகை வாங்கித் தருகிறேன், கமிஷன் கொடு என்று வருகிற தரகர்களை வாசற்படி ஏற்றாதீர்கள். பகுதிநேர ஆராய்ச்சி என்று சேர்ந்துகொண்டு குறைந்த ஊதியத்துக்குத் தற்காலிகமாகப் பாடம் நடத்தி ஆண்டுகளைக் கழிப்பவர்களையும் காண்கிறேன். மேற்சொன்ன உதவித்தொகைகள் பெரும்பாலும் முழுநேர மாணவருக்கே உரியன. பி.எட். படித்து ஆசிரியராவது நல்ல வழியே. அதை விரும்பித் தேர்ந்தால் சரி, வேறு வழி தெரியாமற் போய்ச் சேர்ந்தால் வருத்தமே.

சான்றிதழ்கள்

தேர்வில் தேறிய பின்பும் பிள்ளைகள் தடுக்கி விழுவது சான்றிதழில். இங்கேதான் கிராம நிர்வாக அலுவலரும் பஞ்சாயத்து உறுப்பினரும் துணை செய்யமுடியும்.

நம் மாநிலத்தில் வழங்கும் சாதிச் சான்று வேறு. மத்திய அரசின் தேர்வுகள் கேட்கும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று வேறு. பின்னதில், வளமான பிரிவைச் சேராதவர் என்ற வாசகம் இருக்க வேண்டும். பெரும்பாலும் அந்த நிதியாண்டிலேயே, அதாவது ஏப்ரல் முதல் தேதிக்குப் பின்பு பெற்றதாகவும் இருக்க வேண்டும். பழைய சான்றை வைத்துக்கொண்டு கடைசி வாரத்தில் தாலுக்கா ஆபீஸுக்கு ஓடிப் பயனில்லை. எங்கள் வட்டாரத்தில் ஒரு மாணவிக்கு மதிப்பெண் இருந்தும் சான்று நாலு நாள் பிந்தி வந்ததால் பொதுப் பிரிவில் விண்ணப்பிக்க நேர்ந்து, இடம் கைநழுவியது.

வளமான பிரிவு என்பதற்கு ஆண்டு வருமானம் எட்டு லட்சம் என்பது 2017 முதல் எல்லை. இவ்வெல்லையைக் கணக்கிடுகையில் சம்பளமும் விவசாய வருமானமும் சேர்க்கப்படுவதில்லை. நெல் நன்றாக விளைந்த ஆண்டு என்பதற்காக விவசாயி சான்று கேட்க அஞ்ச வேண்டாம். நில உச்சவரம்பில் 85 சதவிகிதத்துக்கு மேல் பாசன நிலம் உடையவர்க்கே தடை. குலத்தொழில் செய்யும் கைவினைஞருக்கு இவ்விலக்கு விதி பொருந்தாது என்று 1993ஆம் ஆண்டு உத்தரவிலேயே கூறப்பட்டிருக்கிறது. நெசவாளர்கள் இதனைக் கேட்டுத் தெளிய வேண்டும். ஆனால், குடும்ப வருமான வரம்பு வைத்துத் தரும் உதவித்தொகைகளுக்குரிய வருமானச் சான்றில் எல்லா வருமானமும் சேரும். இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்ளலாகாது.

பெயரும் ஒரு தொல்லை. நம் வழக்கம் தலைப்பெழுத்து. மத்திய அரசின் படிவங்களோ முழுப்பெயர் கேட்கின்றன. மதிப்பெண் பட்டியலில் ஒருவிதம், ஆதாரில் ஒருவிதம், வங்கிப் புத்தகத்தில் ஒருவிதம் என்றிருந்தால் தொகை வங்கியில் ஏறாது. பி.எஸ்ஸி. முதலாண்டிலேயே மூன்றையும் ஒன்றாக்கிவிடுவது நல்லது. இ-சேவை மையத்துக்கு இரண்டு நடை போதும்.

உதவித்தொகை உத்தரவானதும் அடுத்த மாதமே பணம் வந்துவிடும் என்று எண்ணலாகாது. முதல் தவணை வரச் சில மாதங்கள் பிந்துவது சாதாரணம். சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம், சாப்பாடு ஆகியவற்றுக்கு ஆறு மாதத்துக்குரிய தொகை கையிலிருக்க வேண்டும். மேலே நான் சொன்ன இடைவெளியோடு இதுவும் சேர்ந்துகொள்கிறது.

ஊரார் செய்யத்தக்கது

இந்த ஆறு மாதத்துக்குப் பஞ்சாயத்து நிதியிலிருந்து கொடுக்கலாமே என்று ஒரு தலைவர் என்னிடம் கேட்டார். கேள்வியில் நல்ல மனம் இருக்கிறது. ஆனால் பொது நிதியைத் தனியொருவர் படிப்புக்கு எடுத்தால் தணிக்கையில் நிற்காது. வேறு வழி நம் மண்ணிலேயே இருக்கிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உள்ளது. பதினோராம் நூற்றாண்டில் அக்கோயிலைச் சார்ந்து கல்விச்சாலையும், மாணவர் விடுதியும், பதினைந்து படுக்கையுள்ள மருத்துவசாலையும் நடந்தன. மாணவருக்கு உணவு, படுக்கப் பாய், விளக்குக்கு எண்ணெய் வரையில் கணக்கிட்டு நெல் ஒதுக்கியிருக்கின்றனர். இரவில் படிக்க எண்ணெய் வேண்டும் என்பதை ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஒரு கணக்குப்பிள்ளை யோசித்து எழுதி வைத்திருக்கிறார்!

அதுபோல, ஊரிலுள்ள பட்டுக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கமோ, பள்ளியின் பழைய மாணவர் சங்கமோ, வெளியூரில் உத்தியோகத்தில் இருக்கும் ஊர்க்காரர்களோ சேர்ந்து ஒரு சிறு கைமாற்று நிதி வைக்கலாம். ஆறு மாதத்துக்கு வட்டியில்லாமற் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்பப் பெறவேண்டும். இனாமாகக் கொடுத்தால் ஒருவருக்குத்தான் ஆகும். திரும்ப வந்தால் அடுத்தவருக்கும் ஆகும். கணக்கைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்.

மற்றொன்று, செலவில்லாதது. பி.எஸ்ஸி. கணிதம் படிக்கும் பிள்ளைகளின் பெயர்களை ஊராட்சி அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். என்னும் கோடைக்காலக் கணிதப் பயிற்சி முகாமுக்கு விண்ணப்பிக்க அவர்களைத் தூண்டலாம். தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கு நல்ல ஆசிரியர்களும், பிற மாநில மாணவர்களின் பழக்கமும் கிடைக்கும். ஆராய்ச்சிக்கு ஏற்ற மனம் தமக்கு உண்டா என்பதை அந்தச் சில வாரங்களிலேயே பிள்ளைகள் கண்டுகொள்வர். இல்லை என்று கண்டுகொண்டாலும் நஷ்டமில்லை. மத்தியத் தேர்வாணையத்தின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு முதலிய உத்தியோக வழிகள் இருக்கின்றன.

தேர்வு அறிவிப்பு ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. கட்டணமும் விதியும் மாறும். ஆகவே விண்ணப்பிக்குமுன் அந்தந்த ஸ்தாபனத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பை முழுதும் படிக்க வேண்டும். கல்லூரிக் கணிதத் துறைத் தலைவரிடம் ஒருமுறை காட்டுவதும் நலம். மத்திய அரசுச் சான்று வேண்டுவோர் ஏப்ரல் மாதத்திலேயே விண்ணப்பம் போட்டுவிடட்டும். மே முதல் தேதி கிராம சபைக் கூட்டத்தில், எத்தனை பேர் போட்டிருக்கிறார்கள் என்று உறுப்பினர்கள் கேட்கலாம்.